அறுபது எம்.எம். இறக்கம்

ஜூலை 21, திங்கள்

பூபதி கார் வாங்கப் போகிறாராம்.

காலையில் பி.என்.புதூர் பஸ் ஸ்டாப்பில் என் காரில் ஏறியவர், லாலி ரோடு சிக்னல் வரை வாயைத் திறக்கவில்லை. அதில் ஆச்சரியம் இல்லை. கணக்குப் பிரிவு ஆசாமி, வார்த்தைக்கும் வவுச்சர் போட்டுத்தான் செலவழிப்பார். சிக்னலில் நின்றதும், "ஏனுங்க வாணி, செகண்ட் ஹேண்டுல ஒரு சின்ன வண்டி பாத்திருக்கறனுங்க. ஆடி முடிஞ்சதும் எடுத்தரலாம்னு," என்றார்.

இரண்டு வருடமாக வடவள்ளியிலிருந்து மலுமிச்சம்பட்டி பம்ப் தொழிற்சாலைக்கு என் காரில்தான் போய் வருகிறோம். நான் தரக்கட்டுப்பாடு. முன் சீட்டில் பூபதி. பின் சீட்டில் ஸ்டோர்ஸ் ருக்மணி அக்கா. சுந்தராபுரத்தில் ஏறுவார், ஈச்சனாரி கோயில் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார், மீதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்பார்.

"இத்தன நாளா உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டனுங்க. இனி நானே ஓட்டிட்டு வந்துருவேன். ஆனா எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணுந் தெரியாது. சஸ்பென்சன், வீலு, வெளிய என்னென்ன மாத்தறதுன்னு எல்லாம் நீங்கதான் சொல்லோணும். உங்களுக்குப் புடிச்ச மாதிரி செஞ்சர்லாங்க."

நல்லதுதான். இனி காலையில் ஐந்து நிமிடம் கூடுதலாகத் தூங்கலாம். ரொம்பச் சந்தோஷம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

சாயிபாபா காலனியில் ஒரு பல் டாக்டரின் வண்டி. வெள்ளை. டாக்டர் தன் பல்லைப் போலவே வைத்திருக்கிறார், ஒரு கீறல் இல்லை. நான் குனிந்து, படுத்து, டார்ச் அடித்து, அடிப்பாகம் முழுக்கப் பார்த்தேன். எப்படியாவது ஒரு குறை கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். பின்பக்க ஷாக் அப்சர்பர் இரண்டும் களைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

பூபதி ஓட்டிப் பார்த்தார். மடியில் பால்குடம் இருப்பது மாதிரி ஓட்டுகிறார். ஒரு தெருநாய் நடுரோட்டில் உட்கார்ந்திருந்தது. ஹாரன் அடிக்காமல் அது எழுந்து போகும்வரை காத்திருந்தார். "தூங்கிட்டிருந்துச்சுங்க," என்றார்.

இந்த மனுஷன் எப்படித் தனியாக உக்கடம் டிராஃபிக்கைத் தாண்டுவார்?

ஜூலை 30, புதன்

சஸ்பென்சனுக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, கம்பெனி ஸ்பிரிங்கை அப்படியே விட்டு, களைத்த ஷாக்கை மட்டும் புதிதாகப் போடுவது. இரண்டு, வண்டியை முப்பது எம்.எம். கீழே இறக்கும் ஸ்பிரிங். பார்க்கக் கொஞ்சம் அழகு, வளைவில் கொஞ்சம் பிடிமானம், பள்ளத்தில் கொஞ்சம் உதை. மூன்று, அறுபது எம்.எம். நின்றால் ராஜா. நகர்ந்தால் ஐயோ பாவம்.

தினமும் வேலைக்குப் போய் வருகிற வண்டிக்கு முதலாவதுதான் சரி. இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

"இன்னுங் கொஞ்சம் ஸ்டடி பண்ணோணுங்க," என்று பூபதியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இந்த வாரம் அலாய் வீல். சுங்கம் ஏரியாவில் இருக்கும் ஜெரால்டு அண்ணனின் கார் உதிரிபாகக் கடைக்குப் போய்ப் படம் எடுத்து வந்து, தினமும் ஒன்றாகக் காட்டுகிறார் பூபதி. முதலாவதில் கம்பி அதிகம், சேறு அப்பினால் கழுவ முடியாது என்றேன். இரண்டாவது கறுப்பு, கல்யாண வீட்டுக்குப் போகிற வண்டிக்குக் கறுப்பு ஆகாது என்றேன். மூன்றாவதைப் பார்த்தால் பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர் ஞாபகம் வருகிறது, ஆபீஸ் முடிந்தும் அதையேவா பார்ப்பது என்றேன்.

பின் சீட்டிலிருந்து ருக்மணி அக்கா கண்ணைத் திறக்காமலே, "ஏ அம்மணி, நீ வீலு பாக்கறயா, மாப்பிள பாக்கறயா? உங்கம்மா கொண்டாற சாதகத்தத் தட்டற மாதிரியே தட்டிட்டிருக்கறே," என்றார்.

பூபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் காது சிவந்திருந்தது. வெயில் அந்தப் பக்கம்தான் அடித்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆடி முடிந்தது. வண்டி பூபதி வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. எல்லா வேலையும் முடித்து, ஈச்சனாரியில் பூஜை போட்ட பிறகுதான் ஓட்ட வேண்டும் என்று அவர் அம்மா சொல்லிவிட்டாராம். அதனால் இப்போதும் என் காரில்தான் வருகிறார். அந்த அம்மா நன்றாக இருக்கட்டும்.

இன்று நிறம். முழு வண்டியின் நிறத்தையும் மாற்றினால் ஆர்.சி. புத்தகம், ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று அலைய வேண்டும். கூரைக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியின் மூடிக்கும் மட்டும் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றேன்.

"உங்களுக்கு என்ன கலருங்க புடிக்கும்?"

"உங்க வண்டிங்க. உங்களுக்குப் புடிச்சதச் சொல்லுங்க."

"இல்லீங்க, நீங்க சொல்லுங்க."

மயில்கழுத்து நிறம் என்றேன். எதற்கும் மறுநாள் மாற்றிச் சொல்லி இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம் என்று நினைத்துத்தான் சொன்னேன். மனுஷன் ஆபீஸ் வந்து இறங்குவதற்குள் ஜெரால்டு அண்ணனுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி, லீவு. கொழுக்கட்டை இருபத்து மூன்று பிடித்தேன். பூபதிக்குத் தேங்காய்ப் பூரணம் பிடிக்கும் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. ஒரு டப்பா தனியாக எடுத்து வைத்தேன், ருக்மணி அக்காவுக்கு.

ஆகஸ்ட் 28, வியாழன்

ருக்மணி அக்காவுக்குச் சர்க்கரை நோய் என்பது மறந்துவிட்டது. பூபதி சாப்பிட்டார்.

செப்டம்பர் 5, வெள்ளி

கூரை ஒட்டியாகிவிட்டது. வீலும் மாட்டியாகிவிட்டது, நான் தட்டிவிட்ட முதல் டிசைனே. பாக்கி ஸ்பிரிங் ஒன்றுதான்.

"நாளைக்கு அது ஒண்ணச் சொல்லிட்டீங்கன்னா, திங்கக்கிழமையிலிருந்து நானே வந்துருவனுங்க," என்றார் பூபதி. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. இரண்டு வருடத்தில் என் காரில் ஏறும்போது ஒரு நாளாவது இப்படிச் சிரித்திருக்கிறாரா? என்னை விட்டுத் தொலைவதில் இவ்வளவு குஷியா?

கோபம் வந்துவிட்டது.

"அறுபது போடுங்க," என்றேன்.

"அறுபதுங்களா? ஜெரால்டு அண்ணன், தெனமும் ஓட்டற வண்டிக்கு அது ரொம்பக் கீழ போயிரும்னு சொன்னாருங்களே."

"ஜெரால்டு அண்ணனக் கேட்டே போட்டுக்கோங்க அப்ப."

"ஐயோ, இல்லீங்க. நீங்க சொன்னா அறுபதுதானுங்க."

இதே கையால்தான் மதியம் ஒரு லாட் இம்பெல்லரை, இம்மி அளவு தடிமன் கூடியதற்காக ரிஜெக்ட் செய்து திருப்பி அனுப்பினேன்.

செப்டம்பர் 6, சனி

போன் செய்து மாற்றிச் சொல்லலாம். வேலையாக இருப்பார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மாட்டிவிட்டார்கள். நேரில் போய்ப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, வண்டி அள்ளுகிறது. வெள்ளை உடம்பு, மயில்கழுத்துக் கூரை, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் நுழையாது. அழகான பெண்ணைப் பெற்ற அப்பா மாதிரி ஜெரால்டு அண்ணன் பெருமையும் கவலையுமாக நின்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ரவுண்டு போனேன். ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லின் சைஸையும் என் முதுகெலும்பு எழுதி வைத்துக்கொண்டது. ஸ்பீட் பிரேக்கரில் அடிவயிறு தரையில் உரசி, கேட்கவே பல் கூசியது.

"எப்புடி இருக்குதுங்க?" என்றேன்.

"சூப்பருங்க," என்றார். அப்போதே ஒரு குலுக்கலில் நாக்கைக் கடித்துக்கொண்டதையும் பார்த்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நேற்று ஈச்சனாரியில் பூஜை போட்டு, நேராகத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்திருக்கிறார். எங்கள் கேட்டில் மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்கப் போட்ட சிமென்ட் மேடு இருக்கிறதே, வண்டி அதில் ஏற மறுத்துவிட்டது. வெளியே சாலையோரம் நிறுத்தினால் லாரிக்காரர்கள் சத்தம்.

இன்று காலை பி.என்.புதூர் ஸ்டாப்பில் டிபன் பையோடு நின்றார்.

"மேட்டுல ஏறலீங்க. கொஞ்ச நாளைக்கு வரலாங்களா?"

"ஏறுங்க," என்றேன். உக்கடத்தில்கூட இன்று டிராஃபிக் இல்லை. என்ன அருமையான நாள்!

செப்டம்பர் 22, திங்கள்

விசேஷம் ஒன்றும் இல்லை. பூபதி வந்தார். பேசிக்கொண்டு போனோம். பேசிக்கொண்டு வந்தோம்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வைத்திருக்கும் எல்லோரும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, உள்ளே வரிசையாக நிறுத்த வேண்டும். முதலாளி ஒவ்வொரு வண்டியாகக் கற்பூரம் காட்டிக்கொண்டு வருவார். சைக்கிள்காரர்கூடத் தப்ப முடியாது. அறுபது என்று சொன்னபோது எனக்கு இது ஞாபகமே வரவில்லை.

பூபதியும் கொண்டுவந்தார், முன்னால் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு. மேட்டில் மெதுவாக ஏற்றினார். முன் சக்கரம் தாண்டியது. நடு வயிறு உட்கார்ந்துவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. பின்னால் பதினைந்து வண்டி, முதலாளி வண்டி உட்பட.

வார்ப்புப் பிரிவு ஆட்கள் எட்டுப் பேர் வந்து, "ஏலேலோ" போட்டு அலாக்காகத் தூக்கினார்கள். மொத்தத் தொழிற்சாலையும் சிரித்தது. "எந்த அறிவாளிப்பா உனக்கு இப்புடி எறக்கச் சொன்னது?" என்று முதலாளியே கேட்டார்.

நான் ஐந்தடி தள்ளித்தான் நின்றேன்.

"நானாத்தானுங்க ஆசப்பட்டுக் கேட்டேன்," என்றார் பூபதி. என் பக்கம் திரும்பக்கூட இல்லை, திரும்பினால் யாராவது புரிந்துகொள்வார்களோ என்று.

பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தப்பு என்று தெரிந்தே செய்தேன். அவர் என் பேரைச் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருக்கலாம். பொரி கடலைகூட இறங்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

ஜெரால்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். கழற்றிய பழைய ஸ்பிரிங் எடைக்குப் போய்விட்டதாம். கம்பெனி ஸ்பிரிங்கும் புது ஷாக்கும் தீபாவளி கழித்துத்தான் வருமாம். என் பேரில் ஆர்டர் போடச் சொல்லிவிட்டேன்.

காரில் பூபதியிடம் ஆரம்பித்தேன். "அந்த ஸ்பிரிங் விஷயமா ஒண்ணு சொல்லோணுங்க."

"விடுங்க. நீங்க பாத்துச் சொன்னது, அப்புடியே இருக்கட்டுங்க," என்றார். அப்புறம், "எனக்கும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். பொரட்டாசி போகட்டுங்க," என்றார்.

புரட்டாசி போன பிறகு என்ன? வேறு வேலை கிடைத்துவிட்டதா?

அக்டோபர் 10, வெள்ளி

வேறு வேலை இல்லை. பூபதி இன்று லீவு, அதனால் ருக்மணி அக்கா முன் சீட்டுக்கு வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தார். "பொரட்டாசி முடிஞ்சதும் பூபதி பொண்ணு பாக்கப் போறானாமா. அதுக்குத்தான் கார் வாங்கினதே. உனக்குத் தெரியாதாக்கும்?" என்று சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று தெரியவில்லை.

ஆக, யாரோ ஒருத்தியைப் பார்க்கப் போகிற காருக்கு நான் ஒன்றரை மாதமாகக் கூரையும் வீலும் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். மயில்கழுத்து நிறம் வேறு. அவளுக்குப் பிடிக்காமல் போகட்டும்.

எனக்குப் பூபதியைப் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும். தெருநாய் எழுந்திருக்கும்வரை வண்டியை நிறுத்துகிறவரை வேறு எங்கே போய்த் தேடுவேன்? எழுதிவிட்டேன். யாருக்கு என்ன பயன்?

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. முறுக்குப் பிழிந்துகொண்டே அம்மா, "வர்ற ஞாயித்துக்கெழம ஒரு எடத்துலேர்ந்து வர்றாங்க. பையன் உன்ற..." என்று ஆரம்பித்தாள்.

"பேரு, ஊரு, வேல ஒண்ணுஞ் சொல்லாத. வரச் சொல்லு. பாத்துக்கலாம்," என்றேன்.

அம்மா பிழிந்த முறுக்கு பாதியிலே நின்றுவிட்டது. ஏழு பேரை ஜாதகத்திலேயே தட்டிவிட்டவள் ஆயிற்றே நான். போனுக்குப் போட்டோ அனுப்பினாள். திறக்காமலே அழித்தேன். யாராக இருந்தால் என்ன? பூபதி இல்லை. அப்புறம் மூக்கு நீளமா குட்டையா என்று பார்த்து என்ன ஆகப்போகிறது.

"பாத்தியா?" என்றாள் அம்மா.

"ம்."

"புடிச்சிருக்குதா?"

"ம்."

அம்மா எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டு அப்பாவிடம் ஓடினாள். ஒரு ஈடு முறுக்கு கருகியது.

அக்டோபர் 24, வெள்ளி

பூபதி வாரம் முழுக்க லீவு. முன் சீட்டில் பையை வைத்துக்கொண்டு போனேன். பிரேக் போடும்போதெல்லாம் பை கீழே விழுந்தது. ருக்மணி அக்கா இறங்கும்போது என் கன்னத்தைக் கிள்ளி, "ஞாயித்துக்கெழம நல்ல சேலையாக் கட்டு," என்றார். அம்மா இவருக்கும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. ஊருக்கே தெரிந்திருக்கிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். இருந்தாலும் வரிசையாக எழுதுகிறேன்.

பத்தரை மணி. என் அறையில் கடுப்போடு உட்கார்ந்திருந்தேன், அம்மா கட்டச் சொன்ன பச்சைப் பட்டில். தெருமுனையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஸ்பீட் பிரேக்கரில் ஒரு காரின் அடிவயிறு உரசும் சத்தம். சிமென்டில் தகரம் இழுபடும் சத்தம். எத்தனையோ கார் உரசும். ஆனால் அது எந்தக் கார் என்று எனக்குத் தெரியாதா?

ஜன்னலுக்கு ஓடினேன்.

வெள்ளை வண்டி, மயில்கழுத்துக் கூரை. ஸ்பீட் பிரேக்கரில் உரசிவிட்டுப் பின்னால் வந்து நின்றதும் மூன்று கதவுகள் திறந்தன. பட்டு வேட்டியில் ஒரு பெரியவர் இறங்கினார். பட்டுச் சேலையில் ஒரு அம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கையில் பூத்தட்டோடு இறங்கினார். அவர் பின்னால், சொந்தக்காரர் போல, இன்னொரு அம்மா பழத்தட்டோடு. மூன்று பேரும் ஊர்வலமாக ஸ்பீட் பிரேக்கரை நடந்து தாண்டி, அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். காலி வண்டியைப் பூபதி குறுக்காகத் திருப்பி, பால்குடம் சுமக்கிறவர் மாதிரி அங்குலம் அங்குலமாகத் தாண்டினார். மறுபடி எல்லோரும் ஏறி, நாற்பதடி தள்ளி எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குடும்பமே பார்த்தது.

நான் கட்டிலில் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன். அம்மா வந்து, "ஏன்டி, போட்டோதான் பாத்தியே, அப்புறம் என்ன?" என்று மறுபடி பவுடர் போட்டுவிட்டாள்.

காபித் தட்டோடு வெளியே போனேன். பூபதி நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே டம்ளரைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்திருந்தன, வீட்டுக்குள் வெயிலே இல்லை. அப்பாதான் பேச்சை ஆரம்பித்தார்.

"தெனமும் எம்பொண்ணு கார்லதான் வர்றீங்களாமே தம்பி? நல்லாத்தான போயிட்டிருந்துச்சு, எதுக்குத் தனியா ஒரு வண்டி?"

பூபதி தொண்டையைச் செருமினார். இன்று வவுச்சர் எல்லாம் போடவில்லை.

"பொண்ணு கேக்க வர்றப்ப, பொண்ணோட கார்லயே வந்து எறங்குனா நல்லாருக்காதுங்களே, மாமா. அதான், வாங்கறதுதான் வாங்கறோம், அவுங்களுக்குப் புடிச்ச மாதிரியே இருக்கட்டும்னு எல்லாத்தையும் அவுங்களையே..."

ஒன்றரை மாதம். வீல், கூரை, கண்ணாடி. உங்களுக்கு என்ன கலருங்க புடிக்கும், நீங்க சொல்லுங்க. காபித் தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றேன். பழத்தட்டு அம்மா எழுந்து வாங்கி வைத்தார்.

அப்போதுதான் பூபதியின் அம்மா சோபாவில் நகர்ந்து உட்கார்ந்து, "ஸ்ஸ்" என்று இடுப்பைப் பிடித்தார். "எல்லாஞ் சரி கண்ணு. வண்டி பாக்கறதுக்கு லட்சணமாத்தான் இருக்குது. ஆனா அந்த ஸ்பிரிங்கு இருக்குது பாரு, பி.என்.புதூர்ல ஏறி இங்க வாரதுக்குள்ள என்ற எலும்பு பூராங் கழண்டு போச்சு. எந்தக் கூறுகெட்டவஞ் சொன்னான்னு இவங்கிட்டக் கேட்டுக் கேட்டுப் பாத்துட்டேன். வாயத் தொறக்க மாட்டேங்கறான்."

"கடக்காரருதாம்மா," என்றார் பூபதி அவசரமாக. "நம்ம ஜெரால்டு அண்ணன்தான்..."

மறுபடியும். என் தப்பை அன்றைக்குத் தன் தலையில் வைத்துக்கொண்டார், இன்றைக்குப் பாவப்பட்ட ஜெரால்டு அண்ணன் தலையில் வைக்கிறார். இந்தத் தடவை விடக் கூடாது என்று தோன்றியது. உள்ளே வந்ததிலிருந்து அந்த அம்மாவை நான் எதுவும் கூப்பிட்டிருக்கவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் யோசித்திருக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"நாந்தானுங்க சொன்னேன், அத்தை. அவரு தனியாப் போயிருவாருன்னு, வேணுமின்னே சொன்னனுங்க."

 சமையலறை வாசலில் அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பூபதி கையிலிருந்த காபி வேட்டியில் கொட்டியது, அவர் கவனிக்கவே இல்லை.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். பிறகு பூத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி என்னை இழுத்தார்.

"அப்ப இந்த இடுப்புக்குத் தைலந் தேய்க்கறதுக்கும் நீதாஞ் சாமி வந்தாவோணும்," என்று சொல்லிக்கொண்டே என் தலையில் பூ வைத்தார்.